கப்பலில் ஓடுகிற அளவு

ஜூன் 14

லாம்பர்ட்டை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நன்றி அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. தடித்த வெள்ளைத் தாள், கறுப்புக் கரை, மேலே ஒரு சிலுவை. புகைப்படம் வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லியிருந்தேன். போடவில்லை. அதற்கும் ஒரு நன்றி.

பெட்டி சுமந்தவர்கள், நாற்காலி கொடுத்தவர்கள், மாலை வைத்தவர்கள், மூன்று நாள் சோறு அனுப்பியவர்கள் என எல்லோருக்கும் பெயர் எழுதி முடித்தேன். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் ஆன்செல்ம், ஒருவர் செய்த உதவிக்கு அந்த வாரத்துக்குள் நன்றி எழுதாத பெண்ணை விளையாட விடமாட்டார். எழுபத்து மூன்று வயதில் எனக்கு விளையாட்டு ஒன்றும் பாக்கியில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பாடகர் குழுவுக்கும் ஓர் அட்டை. கோயிலில் நன்றாகத்தான் பாடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் சுருதி விட்டுப் போயிற்று. தலைமைக் குரல் எமரென்சியாவுடையது. அவள் குரல் அங்கே கேட்கவேயில்லை. என் கணவருக்காகக் கடைசிப் பாட்டைப் பாட மனம் வரவில்லை போலிருக்கிறது. எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். ஆறு வருடம் முன்பு, நான் ஆர்மோனியம் வாசிப்பது மாட்டுவண்டி போவது போலிருக்கிறது என்று குழுவின் முன்னால் சொன்னாள். அன்று மூடிவைத்த ஆர்மோனியத்தை நான் மறுபடி தொடவில்லை. அடக்கத்துக்கு அவள் வந்திருந்தாள் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததற்கு நன்றி எழுத முடியாது.

லாம்பர்ட்டின் போனைச் சார்ஜில் போட்டேன். சார்ஜ் இறங்கிக் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும்.

ஜூன் 16

டென்சிலிடமிருந்து என் போனுக்குச் செய்தி. "மம்மி, டாடியை அடக்கம் பண்ணினத நான் பாக்கணும். பாக்காம நம்ப முடியல."

எங்களுக்கு ஒரே பிள்ளை. பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகும் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். தகவல் போனபோது நடுக்கடலில் இருந்தான். ஜூலைக் கடைசியில்தான் கரை. அதுவரை இறங்க வழியில்லை.

கப்பலில் கிடைக்கும் இணையம் சாட்டிலைட் வழியாக வருவது. எழுத்து போகும், வரும். வீடியோத் தளங்களைக் கப்பல்காரர்களே அடைத்துவைத்திருக்கிறார்கள். ஆனால் லாம்பர்ட்டின் வலைப்பக்கம் மட்டும் திறக்கும் என்று எழுதியிருக்கிறான். அது எனக்குத் தெரியும். துறைமுக இழுவைப் படகில் இன்ஜின் பார்த்த மனிதர், ஓய்வு பெற்றபின் அலைத்தடுப்புச் சுவரில் போய் நின்றுகொண்டு உள்ளே வரும் கப்பல்களைப் படம் பிடிப்பார். அதைச் சின்னச் சின்ன கிளிப்களாக வெட்டி அந்தப் பக்கத்தில் போடுவார். கப்பலிலேயே கிடப்பவனுக்கு இன்னொரு கப்பல் வருவதைப் பார்ப்பதில் என்ன ஆசை இருக்க முடியும் என்று நான் கேட்டதுண்டு. சிரித்துக்கொள்வார்.

அந்தப் பக்கத்தில் போடுகிறேன் என்று டென்சிலுக்கு எழுதிவிட்டேன். எழுதிவிட்டுப் பின்வாங்குவது என் வழக்கமில்லை.

இன்னொன்று. லாம்பர்ட்டின் போனுக்கும் டென்சில் எழுதுகிறான். இன்று மூன்றாவது நாள். "டாடி, ரெண்டாம் நம்பர் ஜெனரேட்டர்ல தட்டுற சத்தம் கேக்கு. பேரிங்கா இருக்குமோ?" வந்தது குவிந்து கிடக்கக் கூடாது என்பதற்காகத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

நம்ப முடியவில்லை என்று எனக்கு எழுதியது சும்மா எழுதியதில்லை. அவன் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

ஜூன் 18

வீடியோ எடுத்த ஜெபஸ்டின் பென் டிரைவோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஊரில் பாதிப் பேரின் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் அவர் கையில்தான் இருக்கின்றன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, போட்டுக் காட்டினார். தங்க எழுத்தில் ஒரு தலைப்பு. ஒரு சினிமாப் பாட்டு. ரோஜா இதழ்கள் மழையாகக் கொட்டின. பிறகு பெரிய செந்தாமரை ஒன்று விரிந்து, அதற்குள்ளிருந்து லாம்பர்ட் எழுந்து வந்தார்.

"ஜெபஸ்டின், அவர் பூவுக்குள்ள இருந்து வர வேண்டாம். வாசல் வழியா வந்தாப் போதும்" என்றேன்.

"யம்மா, எல்லா வீட்லயும் இதத்தான் ஆசையாக் கேக்காவ."

"கேக்கட்டும். எனக்கு நீங்க எடுத்தது மட்டும் வேணும். சேத்தது வேண்டாம்."

அவர் முகம் வாடிவிட்டது. தாமரைக்கு மட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்தாராம். உழைப்பு உழைப்புதான். காபி கொடுத்து, உங்கள் கை நடுங்காமல் எடுத்திருக்கிறது, அது பெரிய விஷயம் என்றேன். உண்மையும் அதுதான். வெட்டாத, ஒட்டாத முழுப் பதிவையும் மாலையிலேயே கொண்டுவந்து தந்துவிட்டார். அவருக்கும் அட்டை எழுதினேன்.

ஜூன் 19

காபித்தூள் தீர்ந்துவிட்டது. போன் சார்ஜ். ஜெனரேட்டர் இன்னும் தட்டுகிறதாம்.

ஜூன் 21

லாம்பர்ட்டின் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் நாற்காலியின் உயரம் எனக்குச் சரிப்படவில்லை. திருகிச் சரிசெய்யலாம். செய்யவில்லை. தலையணை வைத்துக்கொண்டேன்.

ஜெபஸ்டின் தந்த பதிவு அப்படியே வலையில் ஏற்றக்கூடியதல்ல. அவ்வளவு பெரிது. அதைச் சுருக்கி வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு லாம்பர்ட் பயன்படுத்திய மென்பொருள் இதிலேயே இருக்கிறது. அதன் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில். கான்வென்டில் படித்ததற்கு இப்போது நன்றி சொல்கிறேன். முதலிலிருந்து கடைசிவரை, அடிக்குறிப்புகள் உட்படப் படித்தேன்.

புரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். வீடியோ என்பது ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள். ஒவ்வொன்றையும் முழுதாக அனுப்பினால் எந்தக் கம்பியும் தாங்காது. அதனால் ஒரு படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்தடுத்து வருபவற்றில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறார்கள். சுவர் மாறவில்லையா, சுவருக்குச் செலவில்லை. மின்விசிறி சுற்றுகிறதா, அதற்குச் செலவு. ஜெபஸ்டினின் ரோஜா இதழ்கள் ஏன் ஃபைலை அப்படி ஊதிவிட்டன என்பது இப்போது தெரிகிறது.

வீட்டில் நடந்த செபத்தை இன்று சோதனைக்கு மாற்றிப் பார்த்தேன். செபமாலை உருட்டும் விரல்கள், விசிறி, வாசல் திரை, அழுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் செலவு. அந்தக் கிளிப் முழுவதிலும் எந்தச் செலவும் கேட்காமல் இருப்பவர் லாம்பர்ட் மட்டும்தான்.

இன்று இவ்வளவு போதும்.

ஜூன் 24

நான்கு கிளிப்கள். வீட்டில் செபம், ஊர்வலம், பூசை, கல்லறைத் தோட்டம்.

வெட்டுவதில் நான் தயங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் சரக்கு அடுக்கும் வரைபடம் தட்டச்சு செய்தவள் நான். வீண் இடம் எனக்குப் பிடிக்காது. காபி குடிக்கிறவர்கள், போன் பேசுகிறவர்கள், சட்டைப் பையில் சீப்புத் தேடுகிறவர், பெட்டிக்கு மேல் எட்டிப்பார்க்கும் தெருக்கோடிக் கிழவர், எல்லோரையும் எடுத்துவிட்டேன். என் மகன் பார்க்க வேண்டியது தன் தகப்பனாரின் அடக்கத்தை. ஊர்ச் சந்தையை அல்ல.

கல்லறைத் தோட்டத்துக் கிளிப்பில் வலது ஓரமாக ஒரு கறுப்புக் குடை. பாதி உள்ளே, பாதி வெளியே, அடிக்கடி அசைந்து மலர்வளையங்களை மறைக்கிறது. பார்க்க லட்சணமாக இல்லை. அசைவதற்கெல்லாம் செலவு வேறு. வலது பக்கத்தை நெடுக வெட்டிவிட்டேன். இப்போது படத்தில் சாமியார், குழி, பெட்டி, நான். ஒழுங்காக இருக்கிறது.

என் கறுப்புச் சேலையின் கரை நேராக இருந்திருக்கிறது. யாரோ சரிசெய்திருக்க வேண்டும். நான் செய்த ஞாபகமில்லை. யாராயிருந்தாலும் நன்றி.

ஜூன் 26

நான்கையும் பக்கத்தில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் முகப்புப் படம் ஒன்று, கீழே ஒரு வரி விளக்கம். என் வீட்டில் அழுத்தினால் உடனே ஓடுகிறது. டென்சிலுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் அவனிடமிருந்து: "வட்டம் சுத்துது மம்மி. முக்கா மணி நேரம் சுத்திட்டு அறுந்து போச்சு."

ஜூன் 27

பாதியாகச் சுருக்கினேன். வட்டம் சுற்றுகிறதாம்.

ஜூன் 29

அதிலும் பாதியாகச் சுருக்கினேன். சாமியாரின் முகம் பிசைந்த மாவு போல் ஆகிவிட்டது. அப்படியும் ஓடவில்லை. கப்பலில் இணைப்பு நடுநடுவே அறுந்துவிடுகிறது. மறுபடி தொடங்கினால் முதலிலிருந்து வட்டம்.

லாம்பர்ட்டின் போனைச் சார்ஜில் போடும்போது இது இருந்தது. "டாடி, மம்மி போடுறது ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீங்க போட்டதெல்லாம் பொசுக்குன்னு ஓடிருமே. இத மம்மிட்ட சொன்னா வருத்தப்படுவாங்க. சொல்லல."

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 1

சிஸ்டர் ஆன்செல்ம் உயிரோடிருந்தால் இன்று என்னை முழங்காலில் நிறுத்தியிருப்பார். விளக்கத்தை எல்லாம் படித்தேன், லாம்பர்ட் என்ன செய்தார் என்று மட்டும் பார்க்கவில்லை. கப்பல் படம் காட்டிக்கொண்டிருந்தவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

காலையில் அந்த மென்பொருளில், மாற்றும் அளவுகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை முழுதாகத் திறந்தேன். அதுவரை மேலே இருந்தவற்றையே பயன்படுத்திக்கொண்டிருந்தேன். கீழே உருட்டினால், செய்தவர்கள் கொடுத்த பெயர்களுக்கெல்லாம் கடைசியில், நாமே சேமித்துவைக்கும் அளவுகளுக்கென்று ஒரு பகுதி. அதில் ஒன்றே ஒன்று இருந்தது. பெயர், "டென்சில்".

அழுத்தினேன். எல்லாக் கட்டங்களும் தாமாக நிரம்பின. படம் சிறியது, தபால் அட்டை அளவு. ஒலி ஒற்றைத் தடம். மாவு போல் ஆகாமலிருக்கப் படத்தைச் சிறிதாக்கி, அதற்குள் தெளிவைக் காப்பாற்றியிருக்கிறார். நான் படத்தைப் பெரிதாகவே வைத்துத் தெளிவைப் பறித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்று, வலையில் போடுவதற்கு ஏற்றதாக்கு என்று. அதில் டிக். வலையில் போடத்தானே போகிறோம், இதை வேறு சொல்ல வேண்டுமா என்று அதைத் தாண்டிப் போனவள் நான்.

அது என்ன செய்கிறது என்று படித்தேன். ஒரு வீடியோ ஃபைலுக்குள் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பகுதி ஒன்று உண்டு. சாதாரணமாக அது கடைசியில் எழுதப்படுகிறது. அது வந்து சேராமல் ஒரு நொடிகூட ஓடாது. அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் அது முன்னால் வந்துவிடும். பிறகு வரவர ஓடும். ஆபீஸில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது. கப்பல் வருமுன் சரக்குப் பட்டியல் வந்துவிட வேண்டும். பட்டியலைச் சரக்குக்கு அடியில் போட்டு அனுப்பிய கப்பலில் யார் என்ன இறக்குவது? நான் மூன்று முறை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.

எத்தனை கப்பலுக்கு எத்தனை விதமாகச் சோதித்து அந்த அளவைக் கண்டுபிடித்தாரோ. ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நன்றி, லாம்பர்ட். அட்டை எழுத முகவரி இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 2

நான்கையும் "டென்சில்" அளவில் மாற்றி ஏற்றினேன். நாற்காலியைத் திருகி என் உயரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3

ஓடியது.

காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். என் போனில் இருந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"மம்மி, பாத்துட்டேன். அழுத்தின ஒடனே ஓடிச்சு. மெஸ்ஸுல வச்சுப் பாத்தேன். சாப்பிட்டுட்டு இருந்தவங்க எல்லாரும் வந்து பின்னால நின்னாங்க. பெட்டிய எறக்கும்போது சீஃப் இன்ஜினியர் தொப்பியக் கழத்திட்டாரு. சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர், சிலுவை போட்டுக்கிட்டாரு. டாடி மொகம் நல்லா தெரிஞ்சிச்சு. தாங்க்ஸ் மம்மி."

அந்தச் சீஃப் இன்ஜினியர் எந்த ஊரோ, என்ன மதமோ. அவருக்கும் சமையல்காரருக்கும் நன்றி. டென்சிலிடம் பெயர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

ஜூலை 4

பார்த்துவிட்டான், இனி அந்தப் போனுக்கு எழுத மாட்டான் என்று நினைத்திருந்தேன். சார்ஜில் போட எடுத்தால் செய்தி.

"டாடி, நேத்துப் பாத்தேன். மம்மி அழவே இல்ல. பேரிங் மாத்தியாச்சு, ஆனா சத்தம் நிக்கல. நைட் வாட்ச் டியூட்டில அது மட்டும்தான் கேக்கு."

குழியில் மண் விழுந்ததைப் பார்த்தவன், அடுத்த நாள் அதே மனிதருக்கு ஜெனரேட்டரைப் பற்றி எழுதுகிறான். நான் செய்தது போதவில்லை. கம்பெனிக்கு எழுதி டாக்டர் யாரிடமாவது பேச வைக்கலாமா என்று யோசித்தேன். அவன் பெயருக்குக் கெடுதலாகிவிடும். அவனிடமே கேட்கலாம் என்றால், தகப்பனாருக்கு எழுதுவதை நான் திறந்து பார்ப்பது தெரிந்துவிடும். சிறு வயதிலிருந்து என்னிடம் மார்க்கும் உடம்பும் மட்டும்தான் சொல்வான். மீதியெல்லாம் லாம்பர்ட்டிடம். விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களை நான் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவேன். அவன் ஆங்கிலம் இன்று நன்றாக இருப்பது அதனால்தான்.

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வெக்கை.

ஜூலை 5

என் போனுக்கு: "மம்மி, திரும்பத் திரும்பப் பாத்துட்டு இருக்கேன். ஒண்ணு கேக்கணும். கல்லறையில எல்லார் மொகத்துலயும் வெயில் அடிக்கு. சாமியார் கண்ண இடுக்கிக்கிட்டு வாசிக்காரு. ஒங்க மேல மட்டும் நெழல் கெடக்கு. நீங்க நகந்தா அதுவும் நகருது. என்னது அது?"

மரமாக இருக்கும் என்று பதில் போட்டேன். போட்ட பிறகு, மரம் எப்படி நகரும் என்று எனக்கே தோன்றியது.

ஜூலை 6

ஜெபஸ்டின் தந்த முழுப் பதிவை, வெட்டாமல், பெரிதாக வைத்துப் பார்த்தேன்.

குடையைப் பிடித்திருந்தவள் எமரென்சியா.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பாடகர் குழுவோடு வருகிறாள். பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு என் பின்னால் வலப்பக்கம் தள்ளி வந்து நிற்கிறாள். குடையின் நிழல் முழுவதும் என் மேல். அவள் வெயிலில். நாலு மணி வெயில் நேராக அவள் முகத்தில் அடிக்கிறது. நான் ஓர் அடி வைத்தால் அவளும் ஓர் அடி. நான் மண் எடுக்கக் குனியும்போது குடையும் குனிகிறது. ஒரு கை வலித்து மறு கைக்கு மாற்றுகிறாள். மாற்றியதும் விடுபட்ட கையால் என் சேலைக் கரையை இழுத்து நேராக்கிவிடுகிறாள். பின்னால் பாட்டுச் சுருதி இறங்குவது கேட்டு ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள். போகவில்லை.

நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்கு மேலே நிழல் இருந்ததே எனக்குத் தெரியாது.

அதைத்தான் லட்சணமாக இல்லை என்று வெட்டியிருக்கிறேன். குடையை வெட்ட முடிந்தது. நிழலை வெட்ட முடியவில்லை.

ஜூலை 8

முப்பதாம் நாள் பூசை. எமரென்சியா பாடினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாலையில் ஓர் அட்டையில் அவள் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். கைப்பையில் இரண்டு போன்களும் இருந்தன. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து விலகி வழி விட்டாள். உட்கார்ந்ததும் அட்டையை நீட்டினேன். குடை பிடித்ததை இப்போதுதான் வீடியோவில் பார்த்தேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றேன். அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல தாளு. ஆனா எனக்கெதுக்கு மைனி? நான் லாம்பர்ட் அண்ணனுக்குத்தான் குடை புடிச்சேன். நீங்க நடுவுல வந்து நின்னுக்கிட்டிய."

ஆறு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாம்பர்ட் போன பிறகு நான் சிரித்ததில்லை. சிரிப்பு நடுவில் வேறொன்றாக மாறிவிட்டது. அவள் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். நான் முகம் துடைத்து முடிக்கும்வரை அடுக்களையிலேயே ஏதோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அதற்கும் நன்றி.

காபி குடிக்கும்போது லாம்பர்ட்டின் போன் பைக்குள் ஒலித்தது. பழக்கத்தில் எடுத்துத் திறந்துவிட்டேன். டென்சில். ஜெனரேட்டரை இன்று பிரித்துப் பார்க்கப் போகிறார்களாம்.

"யாரு, டென்சிலா? அண்ணன் போனுக்கா அனுப்புதான்?" என்றாள்.

மறைக்கத் தோன்றவில்லை. தினமும் எழுதுகிறான், அவனுக்கு மனசு சரியில்லையோ என்று பயமாயிருக்கிறது, நான் படிப்பது அவனுக்குத் தெரியாது என்றேன். எமரென்சியாவின் மகள் துபாயில் இருக்கிறாள். இந்தப் போன் சமாச்சாரமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள்.

"தெரியாதா? இத நீங்க தொறந்தா அங்க அவனுக்கு ரெண்டு டிக்கும் நீலமாயிரும்லா மைனி. படிச்சாச்சுன்னு காட்டிரும். அந்த வீட்ல இருக்கது நீங்க ஒரு ஆளு. வேற யாரு படிப்பான்னு நெனைப்பான்?"

போனை வாங்கி மூடிப் பைக்குள் வைத்தேன்.

"அவன் அண்ணனுக்கு எழுதல" என்றாள்.

காபியில் சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

ஜூலை 9

கல்லறைத் தோட்டத்துக் கிளிப்பை எந்தப் பக்கமும் வெட்டாமல், "டென்சில்" அளவில் மறுபடி மாற்றினேன். குடை அசைவதால் ஃபைல் கொஞ்சம் கூடியது. கூடட்டும். வீட்டில் நடந்த செபத்தில் காபி குடிப்பவர்களையும் சீப்புத் தேடுபவரையும் தெருக்கோடிக் கிழவரையும் திரும்பச் சேர்த்தேன். அவர்களும் வந்தார்கள்தானே. பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை ஏற்றினேன். கிளிப்பின் கீழே ஒரு வரி: "குடை பிடித்திருப்பவர் எமரென்சியா மாமி."

பிறகு என் போனில், டென்சிலுக்கு ஒரு செய்தி எழுதினேன். எழுதி அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பியது இது.

"டென்சில், அந்த நிழல் மரமல்ல. புதிய கிளிப்பைப் பார். இரண்டாம் ஜெனரேட்டரைப் பிரித்தீர்களே, உள்ளே என்ன இருந்தது? எனக்கு விளங்குகிற மாதிரி எழுது. எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. மம்மி."

ஜூலை 11

நேற்று முழுவதும் ஒன்றும் வரவில்லை. நேற்று எழுதவும் முடியவில்லை.

இன்று மதியம் என் போனில் வந்தது. இரண்டு பக்கத்துக்கு நீளம். அதில் ஒரு பகுதி:

"மம்மி, பேரிங் இல்ல. அடியில தாங்குற போல்ட் ஒண்ணு தளந்து போயிருந்துச்சு. மேல என்னத்த மாத்தினாலும் சத்தம் எப்படி நிக்கும்? முறுக்கினதும் நின்னுட்டு. இப்ப ஒரே அமைதி, அதுவும் ஒரு மாதிரியா இருக்கு. எமரென்சியா மாமி மொகத்துல வேர்வை ஊத்துறது தெரியுது, சின்னப் படத்துலயே. மாமிட்ட சொல்லுங்க. ஜெனரேட்டரப் பத்தி நீங்க கேப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. ஒங்களுக்கு எழுதினா திருத்துவீங்கன்னு அங்க எழுதினேன். ரெண்டு டிக்கும் நீலமாகுறதப் பாத்துட்டுத்தான் டெய்லி வாட்சுக்கு எறங்குவேன். மம்மி முழிச்சிருக்காங்கன்னு."

மீதியெல்லாம் போல்ட் பற்றியது. பாதி புரியவில்லை. நாளைக்குக் கேட்க மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

எமரென்சியாவிடம் போய் வாசித்துக் காட்டினேன். வேர்வையைப் போய் ஊரெல்லாம் தெரியப் போட்டுவிட்டீர்களே என்று கோபித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்துக்கு ஆள் இல்லையாம். வருகிறேன், ஆனால் என் வேகத்தில்தான் வாசிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். மாட்டுவண்டியில் போனாலும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றாள்.

பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். கதவைப் பூட்டினேன். இன்று லாம்பர்ட்டின் போனைச் சார்ஜில் போடவில்லை.